மூன்றில் ஒரு பங்கு போதும்: அர்ஜென்டினாவின் பட்ஜெட் சண்டை

2024 செப்டம்பர் 17 இரவு, புவனோஸ் அயர்ஸுக்கு வடக்கே ஒலிவோஸில் உள்ள அர்ஜென்டினா அதிபரின் இல்லத்தில் ஒரு அசாடோ விருந்து நடந்தது. தணலில் இறைச்சியை மெதுவாக வாட்டி, கூட்டமாக உட்கார்ந்து, நேரமெடுத்துச் சாப்பிடுவது அந்த நாட்டு வழக்கம். அன்றைய விருந்தினர்கள் எம்.பி.க்கள். அதிபர் ஹாவியர் மிலெய் அவர்களுக்கு ‘87 வீரர்கள்’ என்று பெயர் வைத்திருந்தார். ஆறு நாள் முன்னால்தான், ஓய்வூதியத்தை 8.1 சதவீதம் உயர்த்தும் சட்டத்தின் மீது அவர் போட்ட வீட்டோவை, அதாவது மறுப்புத் தடையை, நாடாளுமன்றக் கீழவை தூக்கி எறிந்துவிடாமல் இவர்கள் காப்பாற்றியிருந்தார்கள். உயர்வு வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 153 பேர், எதிர்த்தவர்கள் 87 பேர். 87 ஜெயித்தது.

ஆளுக்கு 20,000 பெசோ கட்டித்தான் சாப்பிட்டார்கள், அரசுப் பணம் செலவாகவில்லை என்று அதிபர் தரப்பு விளக்கம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். வயதானவர்களின் கைக்குப் போக வேண்டிய பணத்தை நிறுத்தியதற்கு ஒரு விருந்து என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பென்ஷனை நம்பி இருப்பவர்கள் உண்டு. மருந்துக் கடை பாக்கி, கரண்ட் பில் எல்லாமே பென்ஷன் வரும் தேதியைப் பார்த்துத்தான் நகரும். அதனால் இந்த விஷயத்தை நான் கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றரை வருடமாகப் படித்து வருகிறேன். கோபம் போகவில்லை, ஆனால் எதன் மேல் கோபப்பட வேண்டும் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் அங்குள்ள அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பட்ஜெட் மக்களவையில் தோற்றால் அரசு கவிழும். பிரதமர் என்பவரே அந்த அவையின் பெரும்பான்மையிலிருந்து வருகிறவர். அர்ஜென்டினாவில் அதிபரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நாடாளுமன்றத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழவையில் 257 பேர். செனட்டில் 72 பேர், அதாவது 23 மாகாணங்களுக்கும் தலைநகருக்கும் தலா மூன்று. இரண்டு அவையும் நிறைவேற்றிய சட்டத்தை அதிபர் வீட்டோ செய்து திருப்பி அனுப்பலாம். அரசியல் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி இரண்டு அவைகளிலுமே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால்தான் அந்த வீட்டோ செல்லாமல் போகும். ஆக, ஏதாவது ஒரே ஒரு அவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கும் அதிபரை யாரும் அசைக்க முடியாது.

அப்புறம் அவசர ஆணை என்று ஒன்று இருக்கிறது. அதிபர் கையெழுத்திட்டவுடனே அது சட்டமாக நடைமுறைக்கு வந்துவிடும். 2006இல் வந்த சட்டத்தின்படி அதை ரத்து செய்ய இரண்டு அவைகளும் நிராகரிக்க வேண்டும், ஒரு அவை சும்மா இருந்தாலே ஆணை பிழைத்துக்கொள்ளும். நாடாளுமன்றம் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் அதிபர் தடுக்கலாம், அதிபர் ஒன்றைச் செய்தால் நாடாளுமன்றம் தடுப்பது குதிரைக்கொம்பு. இந்த ஏற்றத்தாழ்வை மிலெய் உண்டாக்கவில்லை. அவருக்கு முந்தைய பல அரசுகள் கட்டி வைத்தது அது. அதை இந்த அளவுக்குப் பயன்படுத்தியவர் இவர்.

மிலெய் என்ன நிலையில் நாட்டை ஏற்றுக்கொண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 10 அன்று அவர் பதவியேற்றார். வழக்கமாக அதிபர்கள் நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசும் முதல் உரையை அவர் வெளியே படிக்கட்டில் நின்று, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, கூடியிருந்த மக்களிடம் பேசினார். ‘பணம் இல்லை’ என்பதுதான் அந்த உரையில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்ட வாக்கியம். அது பொய் இல்லை. அந்த வருடப் பணவீக்கம் 211.4 சதவீதம். டிசம்பர் மாதத்தில் மட்டும் 25.5 சதவீதம். அதில் ஒரு பகுதி, அவர் வந்தவுடன் டாலருக்கு 366 பெசோவாக இருந்த அரசு மதிப்பை 800 ஆக்கியதால் வந்தது. ஆனாலும் நோய் அவருக்கு முன்பே முற்றியிருந்தது. வருடா வருடம் வரவுக்கு மேல் செலவு, கடன் கொடுக்க ஆள் இல்லாதபோது மத்திய வங்கி நோட்டு அடித்துக் கொடுப்பது, அதனால் விலை ஏறுவது என்று அந்த நாடு பல தலைமுறைகளாகத் தவித்திருக்கிறது. 1989இன் அதிபணவீக்கத்தையும் 2001இன் திவாலையும் பார்த்த ஜனங்கள், பிரசாரத்தில் செயின் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவருக்கு ஏறத்தாழ 56 சதவீத வாக்கைக் கொடுத்தார்கள் என்றால், அதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும் என்ற இலக்கில் எனக்கு அவரோடு சண்டை இல்லை.

ஆனால் அதே மக்கள் அவர் கட்சிக்குக் கீழவையில் ஏறக்குறைய 40 இடங்களும் செனட்டில் 7 இடங்களும்தான் கொடுத்தார்கள். ரம்பத்தை எடு, ஆனால் எதை வெட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு வெட்டு என்பதுதான் அந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள். அவர் முதல் பாதியை மட்டும் படித்தார். நாடாளுமன்றத்தை எலி வளை என்றார், செலவுச் சட்டம் கொண்டுவந்தவர்களை நிதிச் சீரழிவாளர்கள் என்றார். 664 பிரிவுகள் கொண்ட ஒரு மாபெரும் மசோதாவை அனுப்பினார். 2024 பிப்ரவரியில் அது கீழவையில் சிக்கித் திரும்பியது. பிறகு வெகுவாகக் குறைத்த வடிவம் ஜூன் 12 அன்று செனட்டில் 36க்கு 36 என்று நின்றபோது, துணை அதிபர் விக்டோரியா விய்யாருவேல் போட்ட ஒற்றை வாக்கில் கரையேறியது.

இதையெல்லாம் பத்திரிகைகள் நிறைய எழுதின. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. அது, பட்ஜெட் இல்லாமலே ஆட்சி நடந்தது என்பது.

2024க்குப் பட்ஜெட் சட்டம் நிறைவேறவில்லை. அப்படி நேர்ந்தால் பழைய பட்ஜெட்டை நீட்டித்துக்கொள்ள நிதி நிர்வாகச் சட்டத்தில் இடம் உண்டு. மிலெய் 2023 பட்ஜெட்டை நீட்டித்தார். 2024 செப்டம்பர் 15 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், 2025க்கான பட்ஜெட்டை அவரே நாடாளுமன்றத்துக்கு வந்து தாக்கல் செய்தார். அதுவரை எந்த அதிபரும் நேரில் வந்து அதைச் செய்ததில்லை. பற்றாக்குறையைத் தொடும் எந்தச் சட்டம் வந்தாலும் வீட்டோ செய்வேன் என்று அந்த மேடையிலேயே சொன்னார். அந்தப் பட்ஜெட்டும் நிறைவேறவில்லை. 2025க்கும் அதே 2023 கணக்கு இன்னொரு முறை நீட்டிக்கப்பட்டது.

அந்த 2023 பட்ஜெட்டைத் தயாரித்தவர்கள் வருடப் பணவீக்கம் 60 சதவீதம் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 211. அடுத்த வருடம் இன்னும் 117.8 சதவீதம். இப்போது ஒரு பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ அந்தப் பட்ஜெட்டில் எழுதியிருந்த தொகையை நினைத்துப் பாருங்கள். எண் அப்படியே இருக்கிறது, அதனால் வாங்க முடிவது எதுவும் மிஞ்சவில்லை. இன்னொரு பக்கம் விலை ஏற ஏற அரசின் வரி வருமானம் பெசோ கணக்கில் வீங்குகிறது. அந்த இடைவெளிப் பணத்தை யாருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்பதை ஆணை போட்டு முடிவு செய்வது அரசு மட்டும்தான். எந்தக் குழுவிலும் விவாதம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. யார் பெயரையும் வெட்ட வேண்டியதில்லை, கூட்டிக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

அர்ஜென்டினாக்காரர்கள் இதற்கு இரண்டு கருவிகளின் பெயரைச் சொல்கிறார்கள். ஒன்று மோட்டோசியெரா, அதுதான் மரம் அறுக்கும் செயின் ரம்பம். இன்னொன்று லிக்குவதோரா, நம் வீட்டு மிக்ஸி. அரசுப் பணிகளை நிறுத்துவது, அமைச்சகங்களை மூடுவது, ஆட்களைக் குறைப்பது எல்லாம் ரம்பத்தின் வேலை. தொகையை அப்படியே விட்டுவிட்டு விலைவாசி அதை அரைத்துக் கூழாக்கும்வரை காத்திருப்பது மிக்ஸியின் வேலை. படம் எடுக்க ரம்பம் அழகாக இருக்கும். ஆனால் முதல் மாதங்களில் மிச்சம் பிடித்ததில் பெரும் பங்கு மிக்ஸியுடையது, அந்த மிக்ஸியில் அதிகமாக விழுந்தது ஓய்வூதியம்.

அந்த 8.1 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2024 ஜனவரி மாதப் பணவீக்கம் 20.6 சதவீதம். ஓய்வூதியத்தை மாதாமாதம் விலைவாசியோடு உயர்த்தும் புதிய முறையை அரசு மார்ச்சில் ஓர் ஆணையால் கொண்டுவந்தபோது, அந்த ஜனவரி இழப்புக்கு 12.5 சதவீதம் மட்டும் ஈடு கொடுத்தது. மீதி 8.1. அவ்வளவுதான். எதிர்க்கட்சிகள் வானத்தை வில்லாக வளைக்கும் எதையும் கேட்கவில்லை, அரசே ஒப்புக்கொண்ட பணவீக்கக் கணக்கில் விடுபட்ட மிச்சத்தைக் கேட்டார்கள். ஆகஸ்ட் 22 அன்று செனட்டில் இது 61க்கு 8 என்ற வாக்கில் நிறைவேறியது. செப்டம்பர் தொடக்கத்தில் வீட்டோ வந்தது. கீழவை வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் ராடிகல் என்ற பழைய நடுவழிக் கட்சியின் எம்.பி.க்கள் சிலரை அதிபர் மாளிகைக்கு அழைத்துப் பேசினார்கள். ஜூனில் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் சிலர் செப்டம்பரில் அதே சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். வெளியே சதுக்கத்தில் நின்ற முதியவர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப் புகை அடித்தது.

இதே நாட்களில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உளவுத் துறைக்கு 10,000 கோடி பெசோ கூடுதலாகக் கொடுத்து அதிபர் ஜூலையில் ஓர் அவசர ஆணை போட்டிருந்தார். கணக்கு வெளியே சொல்ல வேண்டாத ரகசியச் செலவு அது. ஆகஸ்டில் கீழவையும் செப்டம்பர் 12 அன்று செனட்டும் அதை நிராகரித்தன. ஓர் அவசர ஆணையை இரண்டு அவைகளும் சேர்ந்து தள்ளியது அந்த நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. ஓய்வூதிய வீட்டோ பிழைத்ததற்கு மறுநாள் அது. ‘பணம் இல்லை’ என்ற வாக்கியத்தை நான் முழுதாக நம்பியிருந்தால், அந்த வாரத்தோடு அந்த நம்பிக்கை முடிந்திருக்கும்.

மிலெயின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்கள். இன்று கண்ணீர் விடும் பெரோனியர்கள், அதாவது பழைய அதிபர் பெரோனின் வழிவந்த, மிலெய்க்கு முன் ஆட்சியில் இருந்த எதிர்க்கட்சியினர், என்ன செய்தார்கள்? 2010 அக்டோபரில், குறைந்தபட்ச ஓய்வூதியத்தைக் குறைந்தபட்சக் கூலியின் 82 சதவீதமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதை வீட்டோ செய்தவர் பெரோனிய அதிபர் கிறிஸ்டினா கிர்ச்னர். அரசைத் திவாலாக்கும் சட்டம் என்றுதான் அவரும் சொன்னார். அடுத்த 2011ஆம் வருடத்துக்குப் பட்ஜெட் நிறைவேறாமல் பழையதை நீட்டித்ததும் அவர்தான். அதற்கும் முன்னால், 2001 ஜூலையில், பூஜ்யப் பற்றாக்குறை என்ற பெயரிலேயே அன்றைய அதிபர் தெ லா ருவாவின் அரசு ஓய்வூதியத்தையும் அரசுச் சம்பளத்தையும் 13 சதவீதம் வெட்டியது. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பத்ரிசியா புல்ரிச். மிலெய் அரசில் பாதுகாப்பு அமைச்சராகி, சாலையில் இறங்கும் போராட்டக்காரர்களை ஒடுக்கும் விதிமுறையைக் கொண்டுவந்தவரும் அவரே.

அர்ஜென்டினாவில் பணம் முடை வரும்போது எந்தக் கட்சியாக இருந்தாலும் முதலில் கை வைக்கும் இடம் முதியோரின் பணம். காரணம் ரொம்ப எளிது. செலவில் அதுதான் பெரிய தலைப்பு, அங்கே ஒரு சதவீதம் குறைத்தாலே பெரிய தொகை கிடைக்கும். அவர்களால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அவர்கள் போய் நிற்கக்கூடிய இடம் நாடாளுமன்ற வாசல் மட்டும்தான். 1990களின் தொடக்கத்தில் நோர்மா பிளா என்ற ஓய்வூதியப் பெண்மணி, புதன்கிழமைதோறும் அந்த வாசலில் கூட்டம் சேர்த்தார். 1991இல் அன்றைய பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாயோவை அவர் நேருக்கு நேர் கேள்வி கேட்டபோது அமைச்சர் கண் கலங்கிய காட்சி தொலைக்காட்சியில் வந்தது. கண்ணீர் வந்தது, பணம் வரவில்லை. நோர்மா பிளா 1996இல் இறந்துபோனார். புதன்கிழமைகள் நிற்கவில்லை. 2025 மார்ச் 12 புதன்கிழமை, கால்பந்து கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் தங்கள் அணியின் சட்டையோடு அந்த முதியவர்களுக்குத் துணையாக வந்து நின்றார்கள். அந்த நாட்டில் ஜென்மப் பகை கொண்ட கிளப்புகளின் ஆட்கள் ஒரே பக்கம் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அன்று பாதுகாப்புப் படை சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு ஒரு புகைப்படக்காரர் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார்.

பல்கலைக்கழக விஷயம் இதே கதையின் இன்னொரு வடிவம், ஆனால் எதிர்ப்பு வேறு மாதிரி எழுந்தது. அர்ஜென்டினாவில் அரசுப் பல்கலைக்கழகங்களில் 1949 முதல் கட்டணம் கிடையாது. 1821இல் தொடங்கிய புவனோஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் மாணவர்கள் படிக்கிறார்கள். அறிவியல் நோபல் பரிசு வாங்கிய அந்த நாட்டுக்காரர்கள் மூன்று பேரும் அங்கே படித்தவர்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரி என்பவர்கள் இடதிலும் உண்டு, வலதிலும் உண்டு, மிலெய்க்கு வாக்களித்தவர்களிலும் ஏராளம். அதனால் 2024 ஏப்ரல் 23 அன்று நடந்த பேரணியில் எல்லா நிறமும் இருந்தது. அதற்குப் பிறகு அரசு கட்டடச் செலவு, மின்சாரச் செலவு போன்றவற்றுக்கான பணத்தைக் கூட்டிக் கொடுத்தது. ஆனால் பல்கலைக்கழகச் செலவில் பெரும் பகுதி சம்பளம், அது விலைவாசிக்கு வெகு பின்னால் கிடந்தது. நாடாளுமன்றம் அதைச் சரிசெய்ய ஒரு நிதிச் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்குப்படி அந்தச் சட்டத்தின் செலவு நாட்டு உற்பத்தியில் 0.14 சதவீதம். அக்டோபர் 2 அன்று இன்னொரு பெரும் பேரணி, மறுநாள் வீட்டோ. அக்டோபர் 9 அன்று கீழவையில் 160 பேர் வீட்டோவை எதிர்த்தார்கள், 84 பேர் ஆதரித்தார்கள், 5 பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். சில வாக்குகள் குறைந்ததால் மறுபடியும் சிறுபான்மை ஜெயித்தது.

அந்த வருட முடிவில் அரசு காட்டிய கணக்கு பெரிய சாதனைதான். நாட்டு உற்பத்தியில் 0.3 சதவீதம் உபரி, அதுவும் வட்டி எல்லாம் கட்டிய பிறகு. பல வருடங்களாக அந்த நாடு பார்க்காத ஒன்று. மாதப் பணவீக்கம் டிசம்பரில் 2.7 சதவீதத்துக்கு இறங்கியது. 2024 முதல் பாதியில் 52.9 சதவீதமாக ஏறியிருந்த வறுமை விகிதம் இரண்டாம் பாதியில் 38.1 ஆகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு, வழி எப்படியிருந்தாலும் முடிவு நல்லதுதானே என்று எனக்குத் தெரிந்தவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பணவீக்கம் குறைந்ததால் ஏழைகளுக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 0.14 சதவீதத்தைக் கொடுத்திருந்தால் அந்த உபரி மறைந்திருக்காது, வேறு ஏதாவது ஒரு தலைப்பில் அதே தொகையைக் குறைத்திருந்தால் உபரி அப்படியேகூட இருந்திருக்கும். எந்தத் தலைப்பில் என்று உட்கார்ந்து பேசுவதற்குத்தான் பட்ஜெட் விவாதம் என்ற ஒன்றே இருக்கிறது. அதுதான் இரண்டு வருடமாக நடக்கவில்லை.

மாகாண ஆளுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்து நம் ஊர் ஆளுநர்களை நினைக்க வேண்டாம், இவர்கள் தேர்தலில் ஜெயித்து மாகாணத்தை ஆள்பவர்கள். பல எம்.பி.க்களும் செனட்டர்களும் கட்சித் தலைமையை விட இவர்கள் சொல்வதைத்தான் கேட்பார்கள். மிலெய்க்குக் கிடைத்த அந்த மூன்றில் ஒரு பங்கு, இவர்களோடு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பேரம் பேசிச் சேர்த்தது. சாலைக்குப் பணம், நின்றுபோன கட்டடத்துக்குப் பணம், மத்திய கருவூலத்தின் உதவி நிதி. அந்த உதவி நிதியைக்கூட யாருக்கு எப்போது தருவது என்பது மத்திய அரசின் விருப்பமாக இருந்ததால், 2025இல் எல்லா மாகாண ஆளுநர்களும் கட்சி பார்க்காமல் ஒன்றாகச் சேர்ந்து அதைத் தானாகவே பங்கிடும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் வீட்டோ. பேரத்தை நம்பி ஆட்சி நடத்தியவர் பேரம் பேச வேண்டியவர்களையே பகைத்துக்கொண்ட இடம் இதுதான். செனட் அந்த வீட்டோவை 59க்கு 9 என்று தள்ளியது.

2025இல்தான் அணை உடைந்தது. ஜூலை 10 அன்று செனட் மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. ஓய்வூதியத்தை 7.2 சதவீதம் உயர்த்துவது ஒன்று. வேலை பார்த்த காலத்தில் ஓய்வூதியத்துக்கான முழுச் சந்தாவைக் கட்ட முடியாமல் போனவர்களும் ஓய்வூதியம் பெற வழி செய்வது இன்னொன்று. மூன்றாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அவசர நிலைச் சட்டம். ஆகஸ்ட் தொடக்கத்தில் மூன்றுக்கும் வீட்டோ. ஆகஸ்ட் 20 அன்று கீழவையில் ஓய்வூதிய வீட்டோ பிழைத்துக்கொண்டது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 172க்கு 73 என்று அரசு தோற்றது. செப்டம்பர் 4 அன்று செனட்டில் 63க்கு 7. ஓர் அதிபரின் வீட்டோவை இரு அவைகளும் மீறியது 22 வருடங்களில் அதுவே முதல் தடவை.

ஏன் அந்தச் சட்டத்தில்? ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தருபவருக்கும், அந்தக் குழந்தையை வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவருபவருக்கும், சிறப்புப் பள்ளிக்கும் இவ்வளவு என்று அரசு விலை நிர்ணயிக்கிறது. அந்த விலை மிக்ஸியில் அரைபட்டது. பயிற்சியாளர்கள் வேலையை விட்டார்கள், மையங்கள் மூடப்போவதாகச் சொன்னன, பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு சட்டத்துக்கு எதிராக வாக்களித்துவிட்டுத் தொகுதிக்குப் போவது எந்த எம்.பி.க்கும் லேசு இல்லை. அதே சமயத்தில், மாற்றுத்திறனாளிகள் துறைத் தலைவரின் குரல் என்று சொல்லப்பட்ட ஒலிப்பதிவுகள் வெளிவந்தன. மருந்துக் கொள்முதலில் லஞ்சம் என்பது அதில் வந்த குற்றச்சாட்டு. அவர் பதவி நீக்கப்பட்டார், நீதிமன்ற விசாரணை தொடங்கியது, அரசுத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. செப்டம்பர் 7 அன்று புவனோஸ் அயர்ஸ் மாகாணத் தேர்தலில் மிலெய் கட்சிக்குப் பெரிய தோல்வி. அவரோடு நிற்பதில் லாபம் இல்லை என்று நடுவில் நின்றவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

அதற்கு மூன்று நாள் கழித்து அவர் இன்னும் இரண்டு வீட்டோ போட்டார். ஒன்று புதிய பல்கலைக்கழக நிதிச் சட்டம். இன்னொன்று காராகன் மருத்துவமனையை மனதில் வைத்துக் கொண்டுவந்த குழந்தைகள் நல அவசரச் சட்டம். 1987இல் தலைநகரில் திறந்த அரசுக் குழந்தைகள் மருத்துவமனை அது. நாட்டில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேர் அங்கேதான் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று சொல்வார்கள். பயிற்சி மருத்துவர்கள் அந்தச் சம்பளத்தில் வாடகை கட்ட முடியவில்லை என்று மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தார்கள். இதை வீட்டோ செய்ய ஒருவருக்கு எப்படி மனது வரும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. செப்டம்பர் 17 அன்று கீழவை மருத்துவமனைச் சட்டத்தை 181க்கு 60 என்றும், பல்கலைக்கழகச் சட்டத்தை 174க்கு 67 என்றும் மீட்டது. அக்டோபர் 2 அன்று செனட்டில் 59க்கு 7, 58க்கு 7.

இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அரசியல் சட்டம் கேட்ட உச்சபட்சம் கிடைத்துவிட்டது. பணம் வந்ததா? வரவில்லை.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை அரசு செப்டம்பரில் அரசிதழில் வெளியிட்டது. அதே ஆணையில் அதன் அமலாக்கத்தை நிறுத்தியும் வைத்தது. 1996இன் ஒரு சட்டத்தில், செலவு வைக்கும் எந்தச் சட்டமும் பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பட்ஜெட்டில் அதற்கு இடம் ஒதுக்கும்வரை நிறுத்தி வைக்கப்படும் என்று ஒரு பிரிவு உண்டு. அதைக் காட்டினார்கள். அக்டோபரில் பல்கலைக்கழகச் சட்டத்துக்கும் மருத்துவமனைச் சட்டத்துக்கும் அதே கதி.

அந்தப் பிரிவு கெட்ட பிரிவு இல்லை. செலவைச் சொல்பவர் வரவையும் சொல்ல வேண்டும் என்பது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் நியாயம். ஆனால் இந்த வட்டத்தைக் கவனியுங்கள். பட்ஜெட்டில் இடம் ஒதுக்கினால் பணம் தருவோம் என்கிறது அரசு. பட்ஜெட்டை எழுதும் அதிகாரம் அரசிடம். இரண்டு வருடமாகப் பட்ஜெட்டே இல்லை. இருக்கும் பழைய பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நகர்த்தும் அதிகாரமும் அரசிடம், உளவுத் துறைக்கு 10,000 கோடி பெசோ ஒதுக்கியதும் ஆணை போட்டுத்தான். பணம் எங்கே என்று நாடாளுமன்றத்தைக் கேட்கும் அரசு, பணம் எங்கே என்று நாடாளுமன்றம் பார்க்கக்கூடிய ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் மூடி வைத்திருந்தது. என் கோபம் வந்து நின்ற இடம் இதுதான். வெட்டுகளை ஒரு நாடு தாங்கிக்கொள்ளலாம். யாருக்கு வெட்டு என்பதைப் பேசும் இடத்தையே இல்லாமல் ஆக்கினால், நாளை வேறொருவர் வேறு காரணத்துக்காக அதே வழியில் போவார். 2010இல் கிறிஸ்டினா காட்டிய வழியில் மிலெய் போனதைப் போல.

அக்டோபர் 26 அன்று, அதிபரின் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல். கீழவையில் பாதியும் செனட்டில் மூன்றில் ஒரு பங்கும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. தோற்பார் என்று நினைத்திருந்த பலரும் வாயடைத்துப் போனார்கள், மிலெயின் கட்சி ஏறத்தாழ 41 சதவீத வாக்கோடு முதலிடம் பிடித்தது. தேர்தலுக்கு முன்னால் அமெரிக்க அரசு 2,000 கோடி டாலர் பரிமாற்ற உதவியோடு பெசோவைத் தாங்கிப் பிடித்தது ஒரு காரணம். பழையவர்கள் திரும்பி வந்தால் பழைய விலைவாசியும் வரும் என்ற பயம் இன்னும் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வாக்களிக்க வந்தவர்கள் 68 சதவீதம்தான், வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாட்டில் அது மிகக் குறைவு. எப்படியானாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். டிசம்பரில் புதிய அவை கூடியபோது கீழவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவருடைய சொந்தக் கட்சி ஆட்களே இருந்தார்கள். இனி வீட்டோவைக் காப்பாற்ற அவர் யாருக்கும் விருந்து வைக்க வேண்டியதில்லை.

அந்த பலத்தோடு 2026 பட்ஜெட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் பதினோராம் அத்தியாயத்துக்குள் பல்கலைக்கழக நிதிச் சட்டத்தையும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும் ரத்து செய்யும் பிரிவுகளை வைத்திருந்தார்கள். கீழவை பட்ஜெட்டை ஏற்றது, அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாக வாக்கெடுத்துத் தள்ளியது. புதிய அவை, அவருக்குச் சாதகமான அவை, அதுவே அந்த இரண்டு சட்டத்திலும் கை வைக்க விடவில்லை. அரசு அந்த அத்தியாயம் இல்லாமலே பட்ஜெட்டை ஏற்றுக்கொண்டது, டிசம்பர் 26 அன்று செனட்டும் நிறைவேற்றியது. மிலெய் பதவிக்கு வந்தபின் நிறைவேறிய முதல் பட்ஜெட்.

எனக்கு இதில் அவர் தோற்றார் என்ற சந்தோஷம் இல்லை, அந்த பட்ஜெட்டில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு. ஆனால் எம்.பி.க்கள் ஒவ்வொருவரும் எதற்குக் கை தூக்கினார்கள், எதற்குத் தூக்கவில்லை என்பது இப்போது பதிவில் இருக்கிறது. குறைந்தபட்ச ஓய்வூதியக்காரர்களுக்கு 2024 மார்ச்சில் 70,000 பெசோ என்று நிர்ணயித்த போனஸ் 2025 முடிவிலும் அதே 70,000 ஆக இருந்தது. அதை உயர்த்த வேண்டும் என்று இனி ஒருவர் கேட்டால், எந்தத் தலைப்பிலிருந்து எடுத்து என்று பட்ஜெட்டின் பக்க எண்ணைக் காட்டிக் கேட்க முடியும், அரசும் அந்தப் பக்கத்தை வைத்தே பதில் சொல்லியாக வேண்டும்.